மூன்றாவது வகுப்பா, இரசாயனவியலா, கண்டற்காடா? பல்கலைக்கழக உயிரியலுக்கு இப்போதே தயாராவது

பக்கத்து வீட்டுப் பிள்ளை தரம் 12இல் உயிரியல் பிரிவில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. போன கிழமை தாயும் மகளுமாக வந்தார்கள். "அக்கா, இவள் உயிரியலில் பட்டம் செய்யத்தான் ஆசைப்படுறாள். பாடசாலையும் ரியூசனும் போகக் கிழமைக்கு ஆறு மணித்தியாலம் மிச்சம் கிடக்கு. இன்னொரு உயிரியல் வகுப்பும் போடச் சொல்லி எல்லாரும் சொல்றாங்க. போடவா?" என்று தாய் கேட்டார். பிள்ளை பேசாமல் இருந்தாள். அவளுடைய கொப்பிக்குள் வகுப்பு விளம்பரத் துண்டுகள் மூன்று மடித்து வைத்திருந்தாள்.

அன்றைக்கு அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். இரவு படுத்த பிறகு, சொன்னது போதாது என்று தோன்றியது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் பஸ் ஏறித் திருகோணமலை நகரத்து வகுப்புகளுக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளிலும் இதே கேள்விதான் இருக்கும். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் இந்த ஊரில் தமிழ் மூலம் படித்து, உயிரியல் விஞ்ஞானத்தில் பட்டம் முடித்து, பிறகு இரண்டு வருடம் முதலாம் வருடச் செய்முறை வகுப்புகளில் டெமோவாக, அதாவது மாணவர்களுக்குச் செய்துகாட்டி உதவுபவளாக, நின்றவள். புதிதாக வரும் பிள்ளைகள் எந்த இடத்தில் தடக்குகிறார்கள் என்று மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உயிரியல் தெரியாமல் தடக்கியவர்கள் மிகக் குறைவு. நம் உயர்தரப் பாடத்திட்டம் அவ்வளவு அகலமானது. கலத்தின் இரசாயன அடிப்படை, கூர்ப்பும் பல்வகைமையும், தாவர விலங்கு உடற்றொழில், பிறப்புரிமையியல், மூலக்கூற்று உயிரியல், சூழல், நுண்ணுயிரியல் என்று பத்து அலகுகள். முதலாம் வருட விரிவுரைகளில் வரும் தலைப்புகளில் பெரும்பகுதியை உயர்தரத்திலேயே ஒருமுறை கடந்து வந்துவிடுகிறோம். அப்படியிருந்தும் முதல் அரையாண்டில் அத்தனை பிள்ளைகள் திணறினார்கள் என்றால், அதற்குக் காரணம் வேறு. அந்தக் காரணத்தை வைத்துத்தான் ஆறு மணித்தியாலத்தை எங்கே போடுவது என்று பார்க்க வேண்டும்.

முதலில் மூன்றாவது வகுப்பு. அதை வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பல்கலைக்கழக வாசலைத் திறப்பது உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளிதான். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. திருகோணமலையும் அந்தப் பதினாறில் ஒன்று. ஆகவே நம் பிள்ளைகளின் போட்டி பெருமளவு நம் மாவட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. அங்கே ஒரு புள்ளியின் சிறு பின்னமும் பெறுமதியானது. இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்களை முடிக்கும் வேகம், கட்டமைப்புக் கட்டுரையில் கேட்டதை மட்டும் எழுதும் கட்டுப்பாடு, இவை பயிற்சியால்தான் வரும். நல்ல வகுப்பு அதைத் தரும்.

ஆனால் தரம் 12இல், ஏற்கனவே பாடசாலையிலும் ஒரு வகுப்பிலும் கேட்ட அதே அலகை மூன்றாவது வாயால் கேட்பதில் என்ன கூடுகிறது? மூன்றாவது நோட்ஸ் ஒன்று கூடுகிறது. அந்த நோட்ஸ் சில வேளை பழையதாகவும் இருக்கும். ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து, கலம் சக்திக்குப் பயன்படுத்தும் ஏரிபி மூலக்கூறுகள் 38 கிடைக்கும் என்று மனனம் செய்து வந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். இப்போதைய கணக்கு 30 முதல் 32 வரை. எண் மாறியதைவிட, அது ஏன் மாறியது என்று கேட்கத் தோன்றாமல் போவதுதான் எனக்குக் கவலை. தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட உயிரியல் வள நூல் தமிழில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஒருமுறை முழுதாக, நிதானமாக வாசித்த பிள்ளைக்கு மூன்றாவது வகுப்பு தேவைப்படாது. பரீட்சைக்கு முந்திய ஆறு மாதத்தில் கடந்தகால வினாத்தாள் வகுப்பு ஒன்று போடுங்கள், அதற்கு நான் முழுச் சம்மதம்.

இனி, என் மனதில் முதலிடத்தில் இருப்பது: இரசாயனவியல்.

உயிரியல் பிரிவில் பல பிள்ளைகள் இரசாயனவியலை ஒரு சுமையாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உயிரியலில் ஏ எடுக்க வேண்டும், இரசாயனவியலில் சி வந்தால் போதும் என்ற மனநிலை. சேதன இரசாயனத்தைத் தரம் 13இன் கடைசிவரை ஒத்திப்போட்டு, தாக்கங்களைப் பட்டியலாக மனனம் செய்துவிட்டு வருவார்கள். பிறகு பல்கலைக்கழகத்தில் முதலாவது மாதமே அமினோவமிலங்களின் கட்டமைப்பு பலகையில் வரும்போது கை நின்றுவிடும். உயிரியலின் முதல் பாடமே அங்கே இரசாயனம்தான் என்று அப்போதுதான் தெரியவரும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அரிவாட்கல நோயைப் பற்றி உயர்தரத்தில் எல்லாரும் படிக்கிறோம்: ஈமோகுளோபினின் பீற்றா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூற்றமிக்கமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வலீன் வந்துவிடுகிறது, செங்குழியம் அரிவாள் வடிவமாகிறது. இதை மனனம் செய்த பிள்ளைக்கு அது ஒரு தகவல். இரசாயனம் புரிந்த பிள்ளை வேறொன்றைப் பார்க்கும். குளூற்றமிக்கமிலத்தின் பக்கச் சங்கிலியில் மின்னேற்றம் உண்டு, அது நீரோடு சேர்ந்திருக்கும். வலீனின் பக்கச் சங்கிலி ஐதரோகாபன், அது நீரை விட்டு ஒதுங்கும். ஒட்சிசன் குறைந்த நேரத்தில் நீரை வெறுக்கும் அந்தத் துண்டு அடுத்த ஈமோகுளோபினின் பொருத்தமான குழியில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழையாகி, கலத்தை உள்ளிருந்து இழுத்து வளைக்கும். ஒரே அமினோவமிலம் மாறியதற்கு ஏன் இவ்வளவு பெரிய விளைவு என்ற கேள்விக்கு இந்தப் பிள்ளையிடம் பதில் இருக்கிறது. தெரியாத வேறொரு புரதத்தைக் கொடுத்தாலும் அதே வழியில் யோசிக்கும். பல்கலைக்கழக வினாத்தாள் சோதிப்பது இந்த யோசனையைத்தான்.

இதுபோலவே டிஎன்ஏயில் அடெனினுக்கும் தைமினுக்கும் இடையில் இரண்டு ஐதரசன் பிணைப்பு, குவானினுக்கும் சைற்றோசினுக்கும் இடையில் மூன்று. எந்த டிஎன்ஏயின் இரண்டு இழைகளையும் பிரிக்க அதிக வெப்பம் வேண்டும் என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். சுவாசம் முழுவதும் ஒட்சியேற்றமும் தாழ்த்தலும். நொதியங்களின் கதை இரசாயன இயக்கவியலின் கதை. குருதியின் பிஎச் 7.4, அதைக் காப்பது காபோனிக்கமிலமும் இருகாபனேற்றும் சேர்ந்த தாங்கல் தொகுதி. அந்த 7.4 இறங்கி 7.1 ஆனால் 0.3தானே என்று தோன்றும். பிஎச் மடக்கை அளவு என்று தெரிந்தவருக்கு, ஐதரசன் அயன் செறிவு இரண்டு மடங்காகிவிட்டது என்று உடனே தெரியும்.

ஆகவே ஆறு மணித்தியாலத்தில் மூன்றை இரசாயனவியலுக்குக் கொடுங்கள் என்பேன். அதிலும் எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுக்க வேண்டாம். மூலக்கூற்றிடைக் கவர்ச்சி விசைகள், மூல் கணக்கும் செறிவும், சமநிலையும் பிஎச்சும், சேதனச் சேர்வைகளின் தொழிற்பாட்டுக் கூட்டங்கள், இந்த நாலும் உயிரியலின் அத்திவாரம். சில மூலகங்களின் கைத்தொழில் உற்பத்தி முறையெல்லாம் பரீட்சைக்கு வேண்டும், ஆனால் முதலாம் வருட உயிரியலில் அவற்றைத் தேட மாட்டார்கள். இரசாயனவியலுக்கு நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால், அந்த மூன்றாவது வகுப்புக் காசை அங்கே கொடுப்பது மேல். இசட் புள்ளியும் அதனாலேயே ஏறும், ஏனென்றால் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்குள் இடைவெளி விழுவது பெரும்பாலும் இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும்தான்.

கணிதத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை யாரும் சொல்வதில்லை. சாதாரண தரத்தோடு உயிரியல் பிள்ளைகள் கணிதத்துக்கு விடை கொடுத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் அது திரும்பி வருகிறது. மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டை வித்து 5474, சுருங்கிய வித்து 1850. மொத்தம் 7324. 3:1 என்றால் 5493உம் 1831உம் வர வேண்டும். இரண்டிலும் வித்தியாசம் 19. 19இன் வர்க்கம் 361. அதை 5493ஆலும் 1831ஆலும் தனித்தனியே பிரித்துக் கூட்டினால் ஏறத்தாழ 0.26. இந்த எண் 3.84ஐத் தாண்டாதவரை, வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான் என்று கொள்கிறோம். கை வர்க்கச் சோதனை (ஆங்கிலத்தில் கை ஸ்குவெயார்) என்பது இவ்வளவுதான். சாதாரண தரக் கணிதத்தில் பி எடுத்த எந்தப் பிள்ளையும் ஒரு பின்னேரத்தில் இதைப் பழகிவிடலாம். இடை, நியம விலகல், மடக்கை, மில்லிமீற்றரை மைக்ரோமீற்றராக மாற்றுவது, வரைபு கீறுவது. கணிதத்தில் இவை இருந்தால் முதலாம் வருடத்துக்குப் போதும்.

அடுத்தது மொழி. வந்தாறுமூலையோ யாழ்ப்பாணமோ பேராதனையோ, விஞ்ஞான பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில்தான். நான் போன முதல் கிழமையில் தாவர உடலமைப்பியல் விரிவுரை. ஸைலம், ஃபுளோயம், ஸ்டோமா என்று விரிவுரையாளர் சொல்லிக்கொண்டே போனார். காழையும் உரியத்தையும் இலைவாயையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதக்கூடிய நான், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரியாமல் ஒரு மணித்தியாலம் இருந்தேன். படம் திரையில் வந்த பிறகுதான் விளங்கியது. பாடம் தெரிந்திருந்தும் தெரியாதவளாக இருந்த அந்தக் கலக்கம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

அப்படியானால் உயர்தரத்தையே ஆங்கில மூலம் படித்துவிடலாமே என்று கேட்பார்கள். பரீட்சையை மூன்று மொழியிலும் எழுதலாம், உண்மைதான். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தை ஏற்கனவே ஆங்கிலத்தில் படித்த பிள்ளை, ஆங்கில மூல வகுப்பு உள்ள பாடசாலையில் இருந்தால் தாராளமாகத் தொடரட்டும். அந்தப் பிள்ளைக்குப் பிறகு பாதை மாற்றமே இல்லை. ஆனால் பத்து வருடம் தமிழில் படித்துவிட்டுத் தரம் 12இல் திடீரென மாறுவதை நான் ஏற்கவில்லை. நம் மாவட்டத்தில் எல்லா ஊரிலும் ஆங்கில மூல உயர்தர உயிரியல் வகுப்பு கிடைக்காது. கிடைத்தாலும், ஒடுக்கற்பிரிவு போன்ற ஒரு கடினமான விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்த மொழியில் முதன்முறை படிக்கும்போது, பிள்ளை விளங்குவதை விட்டுவிட்டு வசனத்தை மனனம் செய்யத் தொடங்கிவிடும். விளக்கம் எந்த மொழியில் ஆழமாக இறங்குமோ, அந்த மொழியில் முதலில் இறங்கட்டும்.

இன்னொன்று. நம் தமிழ்க் கலைச்சொற்களைத் தடை என்று நினைப்பது தவறு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அந்தக் காலத்திலிருந்தே இங்கே சொல்லாக்கம் அக்கறையோடு நடந்திருக்கிறது. அந்தச் சொற்களை உடைத்துப் பாருங்கள். மைட்டோகொண்ட்ரியா: கிரேக்கத்தில் மைட்டோஸ் என்றால் இழை, கொண்ட்ரியொன் என்றால் மணி. நாம் சொல்வது இழைமணி. குரோமோசோம்: குரோமா என்றால் நிறம், சோமா என்றால் உடல். நாம் சொல்வது நிறமூர்த்தம். மயோசிஸ் என்றால் குறைதல், நாம் சொல்வது ஒடுக்கற்பிரிவு. போட்டோசிந்தெசிஸ், ஒளித்தொகுப்பு. ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு இவை பொருள் தெரியாத ஒலிகள். தமிழில் படித்த பிள்ளையிடம் பொருள் ஏற்கனவே இருக்கிறது, ஒலி மட்டும்தான் சேர வேண்டும்.

ஆகவே ஒரு கொப்பி வாங்கி மூன்று நிரல் கீறச் சொல்வேன். முதலில் தமிழ்ச் சொல், பக்கத்தில் ஆங்கிலச் சொல், மூன்றாவதில் அதன் வேர்ப்பொருள். நாளுக்கு ஐந்து சொல், பத்து நிமிடம். வருடத்துக்கு 1800 சொல்லுக்கு மேல் வந்துவிடும், அது முதலாம் வருடத்துக்குத் தாராளம். கிழமையில் ஒருநாள், தமிழில் படித்து முடித்த அதே விஷயத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். முழு அலகையும் வாசிக்க வேண்டாம், ஒரு பக்கம் போதும். கான் அகடமி போன்ற இலவசக் காணொளிகளும் இப்படித்தான் பயன்படும். தெரிந்த பாடத்தைக் கேட்டால் காது பழகும், தெரியாத பாடத்தைக் கேட்டால் இரண்டும் போய்விடும். பேச்சு ஆங்கில வகுப்பு நல்லதுதான், ஆனால் கடையில் பேரம் பேசும் ஆங்கிலம் ஆய்வுகூட அறிக்கை எழுத உதவாது. இதற்கெல்லாம் கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும்.

மீதி ஒன்றரை மணித்தியாலத்தை நான் கண்ணுக்கும் கைக்கும் கேட்கிறேன். இதைத்தான் பெற்றோர் நேர விரயம் என்று நினைக்கிறார்கள்.

உயர்தர உயிரியலுக்குத் தனியாகச் செய்முறைப் பரீட்சை இல்லை. அதனால் பல பிள்ளைகளுக்கு நுணுக்குக்காட்டியில் கை வைக்கக் கிடைப்பது ஆண்டுக்கு ஓரிரு முறைதான். டெமோவாக நான் நின்ற காலத்தில், மூடித்துண்டின் கீழே சிக்கிய காற்றுக் குமிழிகளைக் கலங்கள் என்று அழகாகப் படம் கீறிய பிள்ளைகள் இருந்தார்கள். குமிழிக்குக் கறுத்த தடித்த விளிம்பு இருக்கும், ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பெரிய உருப்பெருக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய திருகைத் திருப்பி வழுக்கியை உடைத்தவர்களும் உண்டு. அவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள். யாரும் அவர்களுக்கு அந்தக் கருவியைத் தொடக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பாடசாலையில் ஆய்வுகூடம் திறந்து தருவார்கள் என்றால், விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டு மாதத்தில் இரண்டு நாள் போய் உட்காருங்கள். ரியோ இலையின் ஊதா நிற அடித்தோலை உரித்து உப்பு நீரில் வைத்து, முதலுரு சுருங்குவதைப் பார்க்க ஒரு பின்னேரம் போதும். ஆய்வுகூடம் இல்லையென்றால் சமையலறை இருக்கிறது. சீனியின் மூலர்த் திணிவு 342. ஆகவே லீற்றருக்கு 0.2 மூல் என்ற கரைசல் 100 மில்லிலீற்றர் வேண்டுமானால் 6.84 கிராம் சீனி, 0.4க்கு 13.68, 0.6க்கு 20.52. சீனியைக் கொஞ்ச நீரில் கரைத்து, பிறகு மொத்தம் 100 மில்லிலீற்றர் ஆகும்வரை நீர் விட வேண்டும். 100 மில்லிலீற்றர் நீரில் சீனியைப் போட்டால் செறிவு பிழைத்துவிடும். ஒரே நீளத்தில் வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டுகளை ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம் போட்டு எடுத்து அளந்து, நீள மாற்றத்தை வரைபாகக் கீறுங்கள். கோடு பூச்சியத்தை வெட்டும் இடத்தில் கிழங்குக்கும் கரைசலுக்கும் நீரழுத்தம் (ஆங்கிலத்தில் வாட்டர் பொட்டென்ஷல்) ஒன்று. மூல் கணக்கு, வரைபு, மென்சவ்வினூடாக நீர் நகரும் பிரசாரணம் மூன்றும் ஒரே மேசையில் நடந்துவிடுகிறது. செலவு ஒரு கிழங்கும் ஒரு சுண்டு சீனியும்.

அப்புறம், நாம் இருப்பது திருகோணமலையில். கொழும்பில் காசு கட்டி ஒரு நாள் சுற்றுலாவாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவதை நாம் சைக்கிளில் போய்ப் பார்க்கலாம். கிண்ணியாப் பக்கமும் தம்பலகாமம் குடாவின் ஓரமும் கண்டற்காடு இருக்கிறது. சேற்றிலிருந்து விரல்களைப்போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர், தாய்மரத்திலேயே முளைத்துத் தொங்கும் வித்து, இலையின் மேல் வெளியேறிக் காய்ந்த உப்பு. உப்பு நீரில் நிற்கும் மரம் எப்படி நீரை உறிஞ்சுகிறது என்ற கேள்வியை அங்கே நின்று கேட்டுப் பார்த்தால், நீரழுத்தம் பற்றிய பாடம் உயிரோடு எழுந்து நிற்கும். உப்புவெளியிலிருந்து நிலாவெளிவரை போகும் கரையில் மணலுக்குள் ஓடும் நண்டுகளை ஒரு மீற்றர் சதுரச் சட்டம் போட்டு எண்ணலாம். நகரத்துக்குள்ளேயே புள்ளிமான்கள் நடமாடுகின்றன. கோட்டைப் பக்கம் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரு மாதம் எண்ணிக் குறித்தால் இடையும் நியம விலகலும் கணக்கிட உங்களுடைய சொந்தத் தரவே கையில் இருக்கும். கன்னியாவின் ஏழு கிணறுகளில் ஒன்றுக்கொன்று சூடு வேறு. ஒரு வெப்பமானியோடு போய் ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து எழுதிப் பாருங்கள், ஏன் மூன்று முறை என்பது தானாக விளங்கும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது மீன் சந்தை. வீட்டுக்கு வாங்கும் மீனை அம்மாவிடம் கேட்டு ஒருநாள் நீங்களே வெட்டுங்கள். செவுளுக்குப் பின்னால், கீழ்ப்பக்கம் இதயம் இருக்கும்: ஒரு சோணையறை, ஒரு இதயவறை. சூரை மீனின் பக்கவாட்டில் கருஞ்சிவப்பாக ஒரு சதைப்பட்டை ஓடும். ஓயாமல் நீந்தும் மீன் அது. அந்தச் சதையில் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினும் இழைமணிகளும் நிறைய. வெள்ளைச் சதை மீனில் அந்தப் பட்டை இவ்வளவு பெரிதாக இராது, அது திடீரென்று பாயும், சீக்கிரம் களைக்கும். கலச்சுவாசத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பலகையிலும் நான் கண்டதில்லை.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போவதானால் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்தெம்பர்வரை போகலாம். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா, ஆகவே கட்டணம் உண்டு, எதையும் எடுத்துவரக் கூடாது. முருகைக்கல்லை மிதிக்காமல் மேலிருந்து பார்த்தால் போதும். ஒரு விலங்கு தன் கலங்களுக்குள் அல்காவை வைத்துக்கொண்டு அதன் ஒளித்தொகுப்பில் வாழ்வதும், நீர் அதிகம் சூடானால் அந்த உறவு முறிந்து வெளிறிப்போவதும், ஒன்றியவாழ்வு என்ற சொல்லுக்கு வேறெங்கும் கிடைக்காத விளக்கம்.

பார்த்ததை எழுத வேண்டும், அது முக்கியம். திகதி, நேரம், இடம், அளவு, படம். படத்தில் நிழல் தீட்ட வேண்டாம், தெளிவான ஒற்றைக் கோடு, பெயர், அளவுக்கோடு. கடைசியில் நாலு வசனம் ஆங்கிலத்தில். முதலாம் வருட ஆய்வுகூட அறிக்கைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

லண்டன் ஏ லெவல் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பாடத்தில் ஆய்வுகூடப் பரீட்சையே உண்டு, மொழியும் ஆங்கிலம், அந்த வகையில் தயாரிப்பு நல்லது. ஆனால் செலவு பெரியது, நம் அரச பல்கலைக்கழகங்களுக்கான வழமையான இசட் புள்ளித் தெரிவு உள்நாட்டு உயர்தரத்தை வைத்துத்தான். வெளிநாடு போவது உறுதி என்ற குடும்பங்களுக்கு மட்டும் அது சரி. உள்நாட்டு உயர்தரத்தில் உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் அடுத்த மூன்றாவது பாடத்தைப் பொறுத்தவரை, மருத்துவம் மனதில் இருந்தால் பௌதிகவியல், வேறு பேச்சில்லை. விவசாய விஞ்ஞானம் எடுக்க நினைப்பவர்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைநூலில் தாங்கள் விரும்பும் பட்டத்துக்கு எந்தப் பாடச் சேர்க்கை வேண்டும் என்று முதலில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் இந்த மூன்று, ஒன்றரை, ஒன்றரை பொருந்தாது. இரசாயனவியலில் ஏற்கனவே நன்றாகப் புள்ளி எடுக்கும் பிள்ளை அந்த மூன்று மணித்தியாலத்தில் பாதியை ஆங்கிலத்துக்கு மாற்றலாம். ஆங்கிலம் என்றாலே வாய் அடைத்துப்போகும் பிள்ளைக்கும் அப்படித்தான். தூர ஊரிலிருந்து வருகிற பிள்ளைக்குப் பஸ்ஸிலேயே நேரம் போய்விடும். அவர்கள் புதிய வகுப்பு எதையும் சேர்க்காமல், பஸ்ஸில் சொற்கொப்பி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரசாயனம் என்று வைத்துக்கொள்ளட்டும். மூதூர்ப் பிள்ளைக்குக் கொட்டியாரக் குடாவும் மகாவலி கடலில் விழும் கழிமுகமும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, களப்பயிற்சிக்கு நகரத்துக்கு வரத் தேவையில்லை. தவணைப் பரீட்சையில் உயிரியல் புள்ளியே தொடர்ந்து இறங்குகிறது என்றால் மட்டும், நான் சொன்னதை ஒதுக்கி வைத்துவிட்டு உதவி வகுப்புக்குப் போக வேண்டும். வாசலுக்குள் போனால்தானே மற்றதெல்லாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இரசாயனவியல் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மூல் கணக்கில் தடுமாறுகிறாள், மற்றவை பரவாயில்லை. மூன்றாவது வகுப்பு இப்போதைக்கு வேண்டாம் என்று தாயிடம் சொல்லியாயிற்று. அவருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை, அடுத்த தவணைப் புள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பேசலாம் என்றிருக்கிறார். அதுவும் நியாயமான பேச்சுத்தான்.

பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும்வரை வரும் மாதங்களைப் பற்றியும் அவள் கேட்டாள். அந்தக் காலத்தில் கணினி டிப்ளோமா, அது இது என்று பல வகுப்புகள் அழைக்கும். தட்டச்சும் அட்டவணை மென்பொருளும் பழகுவது நல்லது, தரவுக்கு வரைபு போட உதவும். ஆனால் அந்த மாதங்களின் பெரும்பங்கு ஆங்கிலப் பாடநூல் ஒன்றுக்குப் போக வேண்டும். பழைய பதிப்பு என்றாலும் பரவாயில்லை, நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், மூத்த மாணவர்களிடமும் இருக்கும். முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டாம், கலம் பற்றிய அத்தியாயத்தைத் திற என்று சொல்லியிருக்கிறேன். அதில் அவளுக்குத் தெரியாத விஷயம் அநேகமாக இராது, தெரியாத சொற்கள் சில இருக்கலாம்.